மாட்டுப் பொங்கலன்று கழற்றிய சாக்கு

டெல்லியில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, கணவர் ஓய்வு பெற்றதும் நஜஃப்கர் பக்கம் ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் வாங்கினோம். ஒரு பசு, அதன் கன்று, கொஞ்சம் காய்கறி, அவ்வளவுதான். தஞ்சாவூர்க்காரிக்கு மாடு வளர்க்க யாராவது சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஜனவரியில் அங்கே பல நாட்கள் மத்தியானம் வரை பனிமூட்டம் விலகாது. பக்கத்து வயல்காரி, என் வயதுதான் இருக்கும், பழைய கோதுமைச் சாக்கை இரட்டையாகத் தைத்து எங்கள் கன்றுக்கு ஒரு சட்டை மாதிரி கட்டிவிட்டிருந்தாள். கொட்டகையின் வடக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுவது கணவரின் வேலை. குடிக்கிற தண்ணீரை வெதுவெதுப்பாக்குவதும், நனைந்த வைக்கோலை மாற்றிப் போடுவதும் என்னுடையது. பிறந்து மூன்று வாரமே ஆன கன்று அது. சாக்குச் சட்டையோடு என் பின்னாலேயே சுற்றும்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கணவர் தூக்கில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு, மயூர் விஹாரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்.

"இந்தா பாரு, பொட்டு மட்டும் வையி. குளிப்பாட்டிக்கிட்டு நிக்காத. இது நம்மூரு இல்ல."

"சரிங்க" என்றேன்.

பதினோரு மணிக்கு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. குளிப்பாட்டாத மாட்டுக்கு என்ன பொங்கல் என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கையும் நாத்தனாரும் ஊரிலிருந்து படம் போட்டிருந்தார்கள். அவர்கள் மாடுகள் பளபளவென்று நின்றன. டெல்லிக்குப் போயும் நான் எதையும் விடவில்லை என்று காட்ட வேண்டாமா? வெந்நீர் போட்டேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வயல்காரி பார்த்துவிட்டாள். "பெஹன்ஜி, பச்சே கோ மத் நஹ்லாவோ. தண்ட் லக் ஜாயேகி." குட்டியைக் குளிப்பாட்டாதே, குளிர் தாக்கிவிடும் என்கிறாள். "அச்சா, அச்சா" என்று கையை ஆட்டி அனுப்பினேன். எங்கள் பண்டிகையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று எரிச்சல் வேறு.

பசுவையும் கன்றையும் குளிப்பாட்டித் துவட்டி, மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டேன். சாக்குச் சட்டை படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று அதைத் திரும்பக் கட்டவில்லை. கன்று ஓரிடத்தில் நிற்காமல் படுத்தியது. நல்ல படம் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வெயில் போய்விட்டிருந்தது. கன்று நடுங்குவதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் இன்னும் இரண்டு படம் எடுத்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் கேட்டார். "படம் பாத்தேன், நல்லாருந்துச்சு. குளிப்பாட்டினியா?"

"ஈரத்துணியால தொடச்சு விட்டேங்க, அவ்வளவுதான்."

மறுநாளே கன்றுக்கு இருமல். மூக்கு ஒழுகியது, பால் குடிக்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டு, குளிப்பாட்டினீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். பக்கத்து வயல்காரியும் அங்கேதான் நின்றாள். "நஹீ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கன்று செத்துப்போனது. மருத்துவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தார்ப்பாயின் ஒரு கீழ் மூலை அவிழ்ந்து கிடந்தது. இரவில் அந்த வழியாகத்தான் காற்று புகுந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கட்டுனதுதான். சரியா இறுக்கல போலருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இல்லைங்க, நான்தான் என்று இரண்டு வார்த்தை. பசு அந்தச் சாக்குச் சட்டையை நக்கிக்கொண்டிருந்தது. நான் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் அவர் தார்ப்பாயைக் கட்டி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "இழுத்துப் பாரு. இறுக்கமா இருக்கா?"

இழுத்துப் பார்ப்பேன். "இறுக்கமாத்தாங்க இருக்கு" என்பேன்.

அவருக்கு நம்பிக்கை வராது. குனிந்து, முடிச்சை அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து கட்டுவார்.