கவர் என்ற சொல்

என் எழுத்து கோணலாக இருக்கும். ல, ள, ழ எல்லாம் எனக்குக் குழம்பும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனைவி லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு சலவைக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்தாள். முழங்கால் வீங்கும். அவளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று சேமிப்பு முழுவதையும் அவளுடைய தம்பியிடம் கொடுத்தேன். அவன் முதலீட்டு ஆலோசகன்.

"இது கவர்ட் கோல் பண்ட், அத்தான். வங்கிப் பங்குகளை வைச்சுக்கொண்டு, அதுகளை இன்ன விலைக்கு வாங்கிற உரிமையை மற்றவைக்கு விக்கிறம். அந்தக் காசு மாசாமாசம் உங்களுக்கு."

எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். என் காரை ஒருவன் இடித்தபோது, நட்டத்தை நாங்கள் தருவோம் என்ற அர்த்தத்தில் இன்சூரன்ஸ்காரர் சொன்ன சொல்.

"கவர் இருக்குத்தானே?"

"ஓம் அத்தான். முழுக்கக் கவர்."

மாதாமாதம் காசு வந்தது. அவள் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். வீக்கம் வற்றியது.

பிறகு வங்கிகள் விழுந்தன. பண்டும் விழுந்தது, மாதக் காசு சுருங்கியது. மச்சானுக்குப் போன் எடுத்து, நட்டத்தைக் கேட்கும் கிளெய்ம் போம் எங்கே எடுப்பது என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அத்தான், உரிமையை வாங்கினவன் கேட்டால் குடுக்கப் பங்கு கையிலை இருக்கு எண்டதுதான் கவர். அது அவனுக்கு. விழுந்தால் உங்கடை பாடு."

அடுத்த சனிக்கிழமை சட்டன் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் அவன் மகளின் பிறந்தநாள். என் முன்னாலேயே அவன் அதைக் கதையாகச் சொன்னான். ஒருவர் கேக் பெட்டி மூடியை என் தலைக்கு மேல் பிடித்தார்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. கவர் இருக்கு."

மண்டபமே சிரித்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் அவள் சொன்னாள்: "திங்கள் கடையிலை திரும்ப வேலை கேக்கிறன்."

கேட்டாள். பழைய சம்பளம் தர ஏலாது என்றார்கள். அடுத்த திங்களிலிருந்து வரச் சம்மதித்தாள்.

இன்று காலை முழங்காலில் துணி சுற்றினாள். துணி அவிழாமல் ஊசி குத்த நான் நுனியைப் பிடித்தேன்.

"இதுக்காவது கவர் இருக்கட்டும்," என்றாள். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். பிறகு பஸ்ஸுக்குப் போனாள்.

2008 டிசம்பர் 8, திங்கட்கிழமை.