அம்மா திருகாத நாட்கள்

போரில் ஷெல் பட்டு முறிந்து, பொருந்தியபோது குட்டையாகிப்போன என் வலது காலை நீட்டுவதற்காக அம்மாவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். டொக்டர் எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டியிருந்தார். அதிலுள்ள நட்டுகளை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். அவசரப்பட்டால் புது எலும்பு வளராது. தாமதித்தால் இடைவெளி மூடி ஒட்டிவிடும்.

திருகுவது அம்மாவின் வேலை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துப் பல்லைக் கடிப்பேன். செக்பொயின்ற் சோதனை, பொலிஸ் பதிவு, வாசலில் ஓடும் காலி வீதியின் வாகன இரைச்சல், எல்லாமே அலுத்துவிட்டிருந்தது.

ஒருநாள் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. "எலும்பு முந்தியே ஒட்டிட்டுது. திரும்ப வெட்டவேணும். ஒழுங்காத் திருகினனீங்களோ?"

அம்மா நிலத்தையே பார்த்தார். நான் முனகிய நாட்களில் ஸ்பேனரை நட்டில் வைத்துவிட்டுத் திருகாமலே எடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை.

"நோவு தாங்கேலாமல் நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான், டொக்டர்" என்றேன்.

மறுபடி வெட்டினார்கள். அறைக்குத் திரும்பியதும் அம்மா ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "இனி நீயே திருகு பிள்ளை. எனக்கு ஏலாது."

"நீங்களே திருகுங்கோ அம்மா."

அன்று முதல் நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவர் திருகத் திருக, கீழ்வீட்டு மீன்குழம்பு மணத்தைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்தே கதைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நேராக நடக்கிறேன். எவ்வளவு நொந்தது என்று மட்டும் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.