கூப்பிட முடியாத பேரு

எங்க வீட்டுல பிள்ளைக்குப் பேரு வைக்கிறது அத்தைக்காரி வேலை. முப்பதாம் நாள் பிள்ளைய மடியில போட்டு, நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சு, காதுல மூணு தடவ பேரச் சொல்லணும். யாரு என்ன யோசன சொன்னாலும் அத்தை வாயில இருந்து வந்தாத்தான் அது பேரு. என் தம்பிக்குப் பொம்பளப் பிள்ள பொறந்தப்ப அத்தைன்னு இருந்தது நான் ஒருத்திதான். எனக்குப் பொழப்பே பேரு பாக்கிறதுதான். சிவகாசியில ஒரு பிரஸ்ல புரூஃப் பாக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசு லேபிள்னு எது வந்தாலும் முதல்ல தப்பாகிறது பேருதான். தெனம் அம்புட்டுப் பேரத் திருத்துறவளுக்கு ஒரே ஒரு பேரு வைக்கிறது பெரிய காரியமான்னு நெனச்சேன். அந்த முப்பது நாளும் என் உசுர எடுத்துருச்சு.

தம்பி அச்சு மிஷின் ரிப்பேர் பாக்கிறவன். மிஷின் விக்கிற கம்பெனி அவனைச் சீனாவுக்கு அனுப்புச்சு, அங்கனயே எட்டு வருஷம் கெடந்தான். திரும்பி வரும்போது பொண்டாட்டியோட வந்து எறங்குனான். எங்க அப்பா நாரணாபுரத்துல பட்டாசு ஆலையில போர்மேனா இருந்தவரு. எங்க ஊருல சைனாங்கிற வார்த்தையே ஆகாது. சைனா பட்டாசு வந்து சீசனக் கெடுக்குதுன்னு பொலம்பாத டீக்கடை கெடையாது, பொலம்புறவகள்ல அப்பாதான் முதல் ஆளு. அவரு வீட்டுக்கே சைனா மருமகள்னதும் கூட்டாளிக ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனாங்க. மனுசன் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தாரு. மருமகளும் நல்ல பிள்ளதான். ரெண்டு வருஷத்துல நம்ம பேச்ச அப்படியே பிடிச்சுக்கிட்டா. காலையில எந்திரிச்சதும் காப்பி குடிச்சீகளா மாமான்னு கேப்பா. அப்பா அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் எதிர்பாத்தாரு. பொம்பளப் பிள்ள பொறந்தா எங்கம்மா பேர வைக்கணும். அம்மா போய் அப்ப மூணு வருஷம் ஆயிருந்துச்சு.

இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்குன்னுதான் நாங்க இருந்தோம். மகன் பிள்ளைக்கு அப்பத்தா பேரு வைக்கிறது நம்ம பக்கத்துல சோறு திங்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளு அப்பா அதச் சொன்னதும் அவ மொகம் வெளிறிப் போச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. அவங்க ஊருல பிள்ளைக்குப் பெரியவங்க பேர வைக்கவே மாட்டாங்களாம். பேருல ஒரு எழுத்து ஒத்துப்போனாலே மாத்திருவாங்களாம். அது பெரியவங்களுக்குச் செய்யிற மரியாதக் கேடாம்.

"பிள்ள சேட்டை பண்ணும், நான் திட்டணும்ல மதினி. மாமியா பேரச் சொல்லி எப்படித் திட்டுறது?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்கம்மா பேரு உனக்குத் திட்டுறதுக்குத்தானா வேணும்னு கேக்க வாயெடுத்தேன். பச்ச ஒடம்புக்காரின்னு விட்டுட்டேன். தம்பிகிட்டப் போனா அவன் ஸ்பேனரத் தொடச்சுக்கிட்டே, நீ என்ன வச்சாலும் சரிக்கான்னான். அப்பாகிட்டயும் அவன் அதையேதான் சொல்லிருக்கான், பொண்டாட்டிகிட்டயும் அதையேதான் சொல்லிருக்கான். மூணு பேருக்கும் நல்லவனாகிட்டு மிஷின் பாக்கப் போயிட்டான். அவனை ரெண்டு சாத்து சாத்தணும்போல இருந்துச்சு.

மருமகளோட அப்பா பள்ளிக்கூடத்துல இலக்கியம் சொல்லிக் குடுத்து ஓய்வானவராம். அவரு கையால எழுதிப் போட்டோ எடுத்துப் பதினாலு பேரு அனுப்பிருந்தாரு. முக்காவாசி ரெண்டு ரெண்டு எழுத்து, ஒண்ணு ரெண்டு மட்டும் ஒத்த எழுத்து. ஒவ்வொண்ணும் பழம்பாட்டுல ஒரு வரியில இருந்து எடுத்ததாம். பக்கத்துல அந்த வரியையும் எழுதி, எடுத்த எழுத்துக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தாரு. மனசுக்குள்ள எனக்கு ஒரு பொறாம. நம்ம பழம்பாட்டுல என்ன மழையும் பூவும் கொறச்சலா? நாம என்னடான்னா நட்சத்திரத்துக்கு எழுத்துப் பாத்து, அது ஷாவா ஜாவான்னு அடிச்சுக்கிட்டு, நியூமராலஜிக்காரன் சொன்னான்னு இங்கிலீஷ்ல ரெண்டு எச்ச நடுவுல சொருகிக்கிட்டுத் திரியுறோம். அந்த எச்சுகளச் சரிபாத்தே என் கண்ணு போச்சு.

சரி, அப்பா மனசு எறங்கினா எறங்கட்டும், எதுக்கும் ஒரு பேரப் பாத்து வைப்போம்னு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பட்டியலப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு உக்காந்தேன். முதல் பேரு, பனித்துளியும் நினைவும் சேந்தது. கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு. வாயால சொல்லிக் காட்டுன்னு மருமகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். லூசுன்னா. திரும்பச் சொல்லச் சொன்னேன். லூசுதான். இன்னொண்ணு, பனிக்காலத்துல பூக்கிற பூ. அது மேய்னு முடிஞ்சுச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் ஆடு மேய், மாடு மேய்னு பாடியே கொன்னுருவாங்க. அமைதின்னு ஒரு பேரு, அது ஜிங். அதிகாரிக்குச் சோப்புப் போடுறவன நாம ஜிங்ஜக்னு சொல்லுவோம்னு அவளுக்கு எப்படி வெளக்குறது? பிரஸ்ல டிடிபி அடிக்கிற பொண்ணு சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போய் தண்ணி குடிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தப்ப அந்தப் பெரிய மனுசன் வட்டம் போட்டிருந்த பென்சில் கோடு மேலயே என் சிவப்பு மை பட்டுச்சு. அது என்னமோ எனக்கே நல்லா இல்ல.

கடைசியில வான்னு ஒண்ணு வந்துச்சு. அட, நம்ம வானமேன்னு நிமுந்து உக்காந்தேன். அவங்க பாஷையில அது வானம் இல்லையாம். இதமானவ, நளினமானவன்னு ஒரு பழைய பாட்டுல பொண்ணுக்குச் சொன்ன எழுத்தாம். ரெண்டு பக்கமும் நல்ல அர்த்தம், போதும்டா சாமின்னு இருந்துச்சு. அங்கயும் விடல. அவங்க பாஷையில ஒரே சத்தத்த நாலு விதமா இழுக்கலாம், இழுப்பு மாறுனா அர்த்தம் மாறிரும். வான்ங்கிறதக் கீழ எறக்கி மேல ஏத்தணும். நம்ம ஆளுக கூப்பிடுற மாதிரி வெடுக்குனு சொன்னா பத்தாயிரம்னு ஆயிருமாம். பத்தாயிரம் வெடியச் சரமாப் பின்னிப் பத்தாயிரம் வாலான்னு விக்கிற ஊருல நான் இந்தப் பேர வச்சா, தெருவே அவள என்னன்னு கூப்பிடும்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுனா, டிடிபி பொண்ணு அத ஸ்கூல் வேன் மாதிரி வேன்னு வாசிச்சா.

இருவத்தஞ்சாம் நாளு வரைக்கும் இப்படியே போச்சு. அப்பா நாளுக்கு ரெண்டு தடவ போன்ல கூப்பிட்டு, என்ன ஆத்தா, எல்லாம் சரிதானம்பாரு. நான் சரிதாம்பேன். மருமக பாலு குடுத்துக்கிட்டே என் மொகத்தப் பாப்பா. எனக்கு ரெண்டு பக்கமும் பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்து போச்சு. நான் மட்டும் ஏன் அத்தையாப் பொறந்தேன்னு ஒரு நாள் பஸ்ல உக்காந்து அழுதேன்.

அப்பத்தான் தம்பி ஒரு வழி கண்டுபிடிச்சான். சர்டிபிகேட்டுல அம்மா பேரு, வீட்டுல கூப்பிட வான். ஊரு உலகத்துல எல்லாரும் செய்யிறதுதான். அப்பா கொஞ்சம் யோசிச்சுட்டு, எழுத்துல இருந்தாப் போதும்னாரு. நானும் அப்பாடான்னு மூச்சு விட்டேன். அவளும் தலைய ஆட்டிட்டா. சாயந்தரம் நான் கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா.

"ஸ்கூல் விடுறப்ப நான் கேட்டுல போய் நின்னு யாரக் கேக்கணும், மதினி?"

சண்டைக்கு அவ அதக் கேக்கல. நெசமாவே தெரியாமத்தான் கேட்டா. நான் மாட்டுன செருப்போட அங்கயே நின்னுட்டேன்.

என் பேரு என்னோட அப்பத்தா பேரு. மாமியா பேர மருமக வாயால சொல்லக் கூடாது, அதனால எங்கம்மா என்னை ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. பாப்பாதான். அப்பாவுக்குத் தன்னைப் பெத்தவ பேரு, அதனால ஆத்தா. ஒண்ணாப்பு சேந்த அன்னைக்கு டீச்சர் என் பேர வாசிச்சாக. வேற யாரையோ கூப்பிடுறாகன்னு நான் பேசாம உக்காந்திருந்தேன். வரலன்னு எழுதிட்டாக. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ளைக பொறந்துச்சு, தலையில நரையும் வந்துச்சு, அப்பவும் பாப்பாதான். அம்மாவக் கடைசியா மதுரையில ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப, நர்ஸம்மா நோட்ட வச்சுக்கிட்டு, கூட இருக்கிறது யாரு பாட்டின்னு கேட்டாங்க. எம் பொண்ணுன்னு சொன்னா. பேரு என்னன்னாங்க. மூக்குல ஆக்சிஜன் குழாய், மூச்சு வாங்குது, அம்மா என்னைப் பாத்துக் கையக் காட்டி, அவகிட்டயே கேளுங்கன்னுட்டா. நான் என் பேரச் சொன்னேன். அதுக்கப்புறம் மூணாவது நாளு அம்மா போயிட்டா.

பெத்தவ வாயில வராத பேரு ஒரு பேராங்கிற ஆத்திரம் எனக்கு எத்தன வருஷமா இருந்துச்சுன்னு அந்த வாசல்ல நின்னப்பத்தான் தெரிஞ்சுச்சு. அம்மா மேலயும் கோவம், வராமப் போன அந்தப் பேரு மேலயும் கோவம். அதையே இந்தப் பச்சப்பிள்ள காதுல நானே ஓதணும்னா எப்படி?

முப்பதாம் நாளு சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்துச்சு. போன்ல அவ அப்பாவும் அம்மாவும் பாத்துக்கிட்டிருந்தாக. பிள்ளைய மடியில போட்டாங்க. சீனித்தண்ணியத் தொட்டு வச்சதும் சப்புக்கொட்டுனா. நான் குனிஞ்சு, கீழ எறக்கி மேல ஏத்தி, வான்னு மூணு தடவ சொன்னேன். நிமுந்து, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, பேரு வான், சர்டிபிகேட்டுலயும் அதுதான்னேன். மருமக வாயப் பொத்திக்கிட்டா. அந்தப் பக்கம் அவ அப்பா போனுக்குள்ள கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. எங்க அப்பா எந்திரிச்சு, செருப்பத் தேடி மாட்டிக்கிட்டு, பந்தி போடுறதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டாரு.

ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. மூணாம் நாளு பிரஸ் முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போனேன். தம்பியும் அவளும் பிள்ளைக்கு ஊசி போடப் போயிருந்தாங்க. அப்பா டிவிக்கு முன்னால உக்காந்திருந்தாரு. என்னப் பாத்து, உங்கம்மா பேரு இத்தோட அழிஞ்சு போச்சுன்னாரு. நான் பொறுமையாப் பேசணும்னுதான் போனேன். அது கேட்டதும் எல்லாம் பறந்துருச்சு. பிள்ளைக்கு அம்மா பேர வைக்கல, சரி, அதுக்கு இம்புட்டுக் கோவமா, உங்கம்மா பேர எனக்கு வச்சு என்ன கண்டீக, பெத்தவ ஒரு தடவ, சாகுறப்பக்கூட, ஒரே ஒரு தடவ அதச் சொன்னாளான்னு கத்திட்டேன். பக்கத்து வீட்டுல குக்கர் விசிலு நின்ன நேரம். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பா டிவிய அமத்துனாரு.

"சொல்லுவா, ஆத்தா. நீ போன் பண்ணுவேல்ல, பாப்பா பாப்பான்னு பேசுவா. நீ வச்சதும், கட்டாயிருச்சான்னு போனைக் காதுல வச்சுக் கேட்டுக்குவா. அப்புறம் மெதுவா உன் பேர ஒரு தடவ சொல்லுவா. தெனமும்தான்."

இத ஏம்ப்பா அவ இருக்கிறப்ப எங்கிட்டச் சொல்லலன்னு கேட்டேன். எங்கம்மா பேர அவ சொன்னத நான் கேட்டேன்னு தெரிஞ்சா அவ கூசிப் போயிருவா, அதனால கேக்காத மாதிரியே இருந்துட்டேன்னாரு. இப்படியும் ஒரு மனுசன் இருப்பாரா? ரெண்டு பேரும் சேந்து ஒளிச்சு வச்சு, கடைசியில எனக்கு மட்டும் கேக்காமப் பண்ணிட்டாங்களேன்னு அவரைப் பிடிச்சு உலுக்கணும்போல இருந்துச்சு. அவருகிட்டப் போயி என்னத்தச் சண்டை போட? தெனமும் நான் இன்னும் ஒரு வார்த்த பேச மாட்டேனான்னுதான் அம்மா இருந்திருப்பா. வேலை கெடக்கு, வைக்கிறேன்னு சொல்லி, தெனமும் முதல்ல போனை வச்சது நான்தான்.