கறுப்பு டேப் சுற்றிய வயர்

பிலோமினா அக்கா கொண்டுவரும்வரை நான் கம்ப்யூட்டர் என்ற சாமானைத் தொட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாண நகரில் ஒரு டிவி திருத்தும் கடையில் வேலை. ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம் என்பதால் முதலாளி என்னைப் பின்னறையில் இருத்தியிருந்தார்.

அக்காவின் வீடு கடற்கரையோரக் குருநகரில். "மூத்தவன் பாரிசிலையிருந்து அனுப்பினவன், தம்பி. இளையவன் றோட்டிலை திரிஞ்சால் ஆமி பிடிச்சிடும். உதோடை வீட்டிலை இருக்கட்டும். எங்கடை டிவியிலை படம் வரப் பண்ணித் தா."

பக்கத்தில் இளையவன் யூட் சிரித்தான். "என்னைக் கட்டிப்போடத்தான் அம்மா வயர் கேக்கிறா, அண்ணை. இறுக்கமாய்க் கட்டுங்கோ."

கம்ப்யூட்டரோடு வந்த வயரின் நுனியில் அகலமான பிளக், இருபத்தொரு ஊசி. பிரான்ஸ் டிவிக்குச் செய்தது. அக்காவின் ஜப்பான் டிவியில் அதற்கு இடமில்லை. அன்ரெனா ஓட்டையும், வீடியோ டெக் பூட்டுகிற வட்ட ஓட்டையும் மட்டும். அன்ரெனா ஓட்டை ஒளிபரப்பை மட்டுமே வாங்கும், சரிவராது. வட்ட ஓட்டைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பிளக்கைத் திறந்து, மீட்டர் வைத்து, வோல்ட் காட்டிய ஊசிகளை ஒதுக்கினேன். மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது ஒன்றில் படம் வந்தது. சாதாரண வயரில் படம் நடுங்கியது. வலை சுற்றிய அன்ரெனா வயரைப் போட்டதும் நடுக்கம் நின்றது.

யூட் கேட்டான்: "நிறம் எங்கை அண்ணை?"

"நிறத்துக்கு விசா கிடைக்கேல்லை," என்றார் முதலாளி.

பிரான்ஸ் நிறம் நம்முடைய டிவிக்குப் புரியாது. கறுப்பு வெள்ளையே போதும் என்றான் யூட். பாரிஸ் பிளக்கை வெட்ட மனம் வரவில்லை. அதன்மேலேயே பற்றவைத்து, கறுப்பு டேப்பால் சுற்றிக் கொடுத்தேன். நடுவில் முட்டை அளவில் ஒரு கட்டி.

யூட் வீட்டிலேயே இருந்தான். ஊரைச் சுற்றிவளைத்து ஆமி வீடு வீடாகத் தேடிய அன்றும் இருந்தான். ஆமிக்காரர் அந்தக் கட்டியைக் கண்டு, குண்டு வயரோ என்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர், வயரோடு அவனையும் ஏற்றிப் போனார்கள்.

அக்கா கடைக்கு ஓடிவந்தாள். "அது என்ன வயரெண்டு நீ வந்து சொல்லு, தம்பி."

"போனால் உன்னையும் வைச்சிருப்பாங்கள்," என்றார் முதலாளி. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இருக்க முடியவில்லை. போனேன்.

ராணுவ முகாமில் தமிழ் தெரிந்த ஒருவன் அதிகாரியின் கேள்வியைச் சொன்னான்: "கடை வயர் எண்டா பேர் இருக்கும். இதில பேர் எங்க?"

"நான் செய்தது, ஐயா. படம் வாற வயர்."

"அப்ப காட்டு."

தங்கள் டிவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பின்பக்கம் திருப்பினேன். அன்ரெனா ஓட்டை மட்டுமே இருந்தது. என் வயரைச் செருக இடமில்லை. அக்காவின் டிவியை எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். அதிகாரி எழுந்து போய்விட்டார். என்னை மாலையில் விட்டார்கள். யூட்டை விடவில்லை.

கோயில் பங்குச் சுவாமி அவனுக்காக அலைந்து அலைந்து, பல மாதங்களுக்குப் பிறகுதான் யூட் வந்தான். ஒரு காது கேட்கவில்லை. கம்ப்யூட்டரும் வயரும் திரும்பவில்லை. 'வெளியிலை போகாதை' என்று அக்கா மறித்தபோது சொன்னானாம்: "வீட்டிலை இருந்துதானே அம்மா பிடிபட்டனான்." அந்த வாரமே வீட்டைவிட்டுப் போய்விட்டான். எந்த இயக்கத்துக்குப் போனான் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை. இன்றுவரை வரவில்லை.

வேலை பழகுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வயரைத் தெரிவு செய்யமுன் இரண்டு பக்கத்து ஓட்டைகளையும் பாருங்கள். படத்துக்கு வலை சுற்றிய வயரே போடுங்கள். இவை ஒரு நாளில் பழகக்கூடியவை. ஆனால் வயர் வேலை செய்தால் மட்டும் எங்கள் ஊரில் போதாது. துவக்கோடு சோதிக்க வருகிறவனுக்கும் அது பார்த்தவுடன் டிவி வயராகத் தெரியவேண்டும். அன்றிலிருந்து நான் கறுப்பு டேப் தொடுவதில்லை.