ஹாலில் காய்ந்த புடவைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், கனடாவின் மாண்ட்ரியாலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஹால் ஒன்றுதான். சாப்பாட்டு மேஜை, என் தையல் மிஷின், கல்லூரியில் கணிதம் கற்பித்த என் கணவரின் புத்தகங்கள், எல்லாம் அங்கேயே. அதற்குள்தான் இடுப்புயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கி இறக்கினேன். பாட்டுப் பைத்தியம் எனக்குத்தான், அவருக்கு இல்லை.

கையோடு எடுத்துப்போன வீணை ரெக்கார்டை ஸ்பீக்கர் கடையில் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு மீட்டும் தனியாகக் காதில் விழுந்தது. வீட்டிலோ அதே வீணை கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. வெற்றுச் சுவர், வெறும் மரத்தரை, திரையில்லாத பெரிய ஜன்னல். எதில் பட்டாலும் சத்தம் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்தார். தனியாக வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். அவர் சொன்னதைக் கணவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அவங்க தலைமேல யாரோ மேளம் அடிக்கிற மாதிரி இருக்காம்."

வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், துவைத்த ஆறு நூல் புடவைகளை ஹாலின் குறுக்கே கொடி கட்டி உலர்த்திவிட்டு ரெக்கார்டைப் போட்டேன். அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, காற்றில், வீணை உட்கார்ந்திருந்தது!

சாயங்காலம் கணவர் கொடியில் கை வைத்தார். "காஞ்சிடுச்சே, மடிச்சுடட்டுமா?"

"ஐயோ, தொடாதீங்க! இப்படி வந்து உக்காந்து கேளுங்க."

கேட்டார். "எதிரொலியைத் துணி குடிச்சிடுது," என்றார், ஏதோ தேற்றத்தை நிரூபித்த குரலில்.

புடவைகள் ஒரு வாரம் கொடியிலேயே கிடந்தன. அடுத்த ஞாயிறு மறுபடி கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாளேதான். மறுபடி மேளப் புகார்தான் என்று நினைத்தேன். அவர் புடவைகளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார், நின்று கேட்டார், குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது, சுருட்டிய தடித்த கம்பளிக் கம்பளம் ஒன்றைத் தோளில் சுமந்திருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"அதிர்வு தரை வழியா இறங்குதாம். இதை ஸ்பீக்கருக்கு அடியில போடணுமாம். அவங்க வீட்டுல சும்மாதான் கிடக்காம்."

மூவருமாக ஸ்பீக்கர்களைத் தூக்கி, கம்பளத்தை விரித்தோம். மேளம் கீழே இறங்குவது நின்றது. விருந்தாளிகளைப் புடவைகளுக்கு நடுவே நுழைய வைக்க முடியாதென்று, கனத்த துணி வாங்கி ஜன்னலுக்குத் தரை தொடும் திரை தைத்தேன். எதிர்ச் சுவர் முழுக்கக் கணவரின் புத்தக அலமாரிகளை நிறுத்தினோம். தன் கணித நூல்கள் முதல்முறையாக எனக்கு உபயோகப்பட்டதில் அவருக்கு ஏகப் பெருமை.

பிறகு ஞாயிறுதோறும் அந்த அம்மாள் வந்துவிடுவார். நல்ல இடமாகப் பார்த்து, சோபாவின் நடுவில் உட்கார்ந்து, கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவார். ஒரு அடியும் சரியாக விழாது. நாங்கள் திருத்தவே இல்லை.