பினாயில் ஊற்றிய உப்புக்கண்டம்

பினாயில் வாடை வந்தால் எல்லோருக்கும் சுத்தம் நினைவுக்கு வரும். எனக்கு இன்றைக்கும் கோபம் பற்றிக்கொண்டுதான் வரும். தொண்ணூறுகளில் காரைக்குடி ரயில்வே ரோட்டில் அம்மா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். சோறும் குழம்பும் எங்கேயும் கிடைக்கும். எங்கள் கடைக்குக் கூட்டம் வந்தது "உப்புக்கண்டத்துக்கு". ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் மாலையாகக் கோத்து, சுக்காகக் காயவைத்து எண்ணெயில் பொரிப்பது. காயும்போது அதற்கென்று ஒரு வாடை உண்டு. எங்கள் பக்கத்தில் அது தெரியாதவர் கிடையாது.

ஒரு வருஷம் ஐப்பசியில், ஊரின் பெரிய மண்டபம் ஒன்றில் கல்யாண விருந்து சாப்பிட்ட பலருக்கு வாந்தி பேதி. மண்டபத்துக்காரரைத் தொட யாருக்குத் தைரியம்? சுகாதார அதிகாரிகள் ஜீப்பில் ஏறிச் சின்னக் கடைகளாகப் பார்த்து வந்தார்கள். மழை மூட்டம் என்பதால் அம்மா கறிமாலைகளை அடுப்புக்கு மேலே புகையில் கட்டியிருந்தாள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அழுகின கறி, அவ்வளவையும் அவுத்துப் போடுங்க" என்றார்.

"கெடக்கூடாதுன்னுதானேய்யா காயப்போடுறது? ஒரு துண்டு பொரிச்சுத் தாரேன், தின்னு பாத்துட்டுப் பேசுறீகளா?" என்று கெஞ்சிய அம்மா, சனிக்கிழமை தவறாமல் எங்கள் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற ஜீப் டிரைவரிடம், "நீங்களாவது சொல்லுங்கண்ணே, திங்கிறீகள்ல" என்றாள். அந்த மகராசன் ஜீப் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நடுத்தெருவில் குவித்து, ஊர் பார்க்கப் பினாயிலை ஊற்றினார்கள். அம்மா கறிக்காக அழவில்லை. "கெட்டதைப் போட்டவங்கிற பேரு வந்துருச்சே" என்றுதான் அழுதாள். சட்டியில் மிச்சமிருந்த துண்டுகளை எல்லோர் முன்னாலும் மென்று தின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடிவிட்டோம். மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கே பந்தி ஜாம்ஜாமென்று நடந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அடுப்புக்கு மேலே கறிமாலை கட்டுகிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. போன மாதம் சூப்பர் மார்க்கெட்டில் பளபளவென்று ஒரு உப்புக்கண்டம் பாக்கெட்டைப் பார்த்து, வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தேன். பின்பக்கம் அச்சிட்டிருந்த அரசாங்க உரிம எண்ணை விரலால் தடவி, அது என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா, அவுக ஒரு துண்டு தின்னு பாத்திருப்பாகளாடி?" என்றாள்.