பதினேழாம் நம்பர் போன்

சியோலில் தோ ஹேரனுக்குப் பிழைப்பே போனைத் தட்டிப் பார்ப்பதுதான். எவனாவது புதுசாய் ஒரு இணையப் பக்கம் செய்தால், இவள் தன் மேஜையிலிருக்கும் இருபத்து மூன்று போன்களிலும் அதைத் திறந்து, எதில் ஓடுகிறது, எதில் முழிக்கிறது என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷ சர்வீஸ். "ஹேரன் அக்கா டிக் போட்டா கண்ண மூடிக்கிட்டு விடலாம்" என்பார்கள். அதில் அம்மணிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஊரே முன்னோர் சமாதிக்குக் கிளம்பும் சூசக் பண்டிகைக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் பக்கம் வந்தது. 'பதிவு செய்' பொத்தான் எப்போதும் திரையின் அடியிலேயே ஒட்டி நிற்கும், புது வித்தை. இருபத்திரண்டு போனில் அழகாய் நின்றது. பதினேழாம் நம்பர் மட்டும் கிழடு, சார்ஜ் செத்துக் கிடந்தது. ஏற அரை மணியாகும். வீட்டுக்குக் கிளம்பும் நேரம். கம்ப்யூட்டரிலேயே ஒரு ஜன்னலைப் போன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள். 'நிஜப் போனில் பார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஜன்னலில் கீபோர்டு எழும்பாது. நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

டிக்கெட் விற்பனை திறந்த அன்று காலையிலேயே புகார் குவிந்தது. பழைய போன்களில் பிறந்த தேதி அடித்ததும் கீபோர்டு எழும்பிப் பொத்தானை மூடிக்கொள்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. தலைவர் க்வாக், பக்கத்தைச் செய்த கிசோங்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொத்தான ஒழுங்கா ஒட்டத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடா வேலைக்கு வந்த?"

"அக்கா பதினேழுலயும் பாத்துட்டாங்களே சார்..."

எல்லோரும் ஹேரனைப் பார்த்தார்கள். "பாத்தேனே" என்று வாய் தானாய்ச் சொல்லிவிட்டது. பாவி! கிசோங் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் இஞ்சியோனிலிருந்து அப்பா கூப்பிட்டார். தெற்குக் கோடி ஹேநாமில் இருக்கும் அம்மாவின் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டுவதை ஒன்பது வருஷமாய் அவர் விட்டதில்லை. "டிக்கெட்ட நான் எடுக்கறேம்ப்பா" என்று இவள் சொன்னதற்கு, "எம் பொண்டாட்டியப் பாக்கப் போற டிக்கெட்ட நாந்தான் எடுப்பேன்" என்றவர். கையில் இருப்பது இவள் கொடுத்த பழைய போன். பதினேழாம் நம்பரின் அதே ஜாதி.

"வேலையா இருக்கியாம்மா? டிக்கெட் போச்சு. தேதி அடிச்சேன், அப்புறம் பொத்தானையே காணோம். எங்கண்ணுதான் சரியில்ல. உங்கம்மாவ இந்த வருஷம் பாக்க முடியாது. நீ நல்லாத்தான் சொன்ன, நாந்தான் கேக்கல. மன்னிச்சுக்க."

ஹேரன் போனை வைத்துவிட்டு நேரே க்வாக்கிடம் போய், எல்லோர் முன்னாலும் சொன்னாள். "பதினேழுல நான் பாக்கவே இல்ல சார். பொய் சொன்னேன். கிசோங் மேல தப்பில்ல."

க்வாக் திட்டியிருந்தால் தேவலை. அவர் பதினேழாம் நம்பரை எடுத்துச் சார்ஜில் போட்டார்.

மதியத்துக்குள் பக்கம் சரியானது. அதற்குள் ஒரு சீட்டும் மிச்சமில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்தப் பாத்து விட்டது நாந்தான். உங்க மாதிரி போன்ல பாக்காமலே பாத்ததா எழுதிட்டேன்."

அப்பா சிரித்தார். "போடி! நீ அப்படிச் செய்யற ஆளா? அப்பனத் தேத்த இப்படியெல்லாமா சொல்லுவ?"

"நெசமாத்தாம்ப்பா."

"சரி சரி, விடு. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்."